ஆறாம் நாள் எண்ணிக்கை

ஆட்டோவின் ரெக்சின் திரையைத் தாண்டி மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. இசக்கி என் தோளில் சாய்ந்திருந்தாள். பதின்மூன்று வயதுப் பெண், எடை என்று ஒன்றுமே இல்லை. நெற்றியின் சூடு புடவையைத் தாண்டி எனக்குத் தெரிந்தது. மடியில் வைத்திருந்த புத்தகப் பையிலிருந்து மிளகாய் வத்தல் நெடி வந்தது. ஆட்டோக்காரர் இரண்டு முறை தும்மினார்.

"டீச்சர், இன்னைக்குப் பரீட்சையா?" என்று கேட்டாள்.

"பரீட்சை ஒண்ணும் இல்லடி. சும்மா வந்து உட்காரு, போதும்."

சும்மா வந்து உட்காரச் சொல்லித்தான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனேன். பாடம் படிக்க இல்லை, பரீட்சை எழுத இல்லை. ஒரு தலையாக எண்ணப்படுவதற்கு.

கலோத்ஸவம் என்கிற பள்ளிக் கலைவிழாவில் என் புடவை கிழிந்த கதையைப் போன வார இதழில் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி. இந்த வாரம் சிரிக்க அதிகம் கிடையாது. முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள் நல்ல கதைகளை மட்டும் பொறுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தால் அது நினைவுக் குறிப்பு இல்லை, தற்பெருமை.

பிள்ளைகளை எண்ணும் நாள்

கேரளத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆறாம் வேலை நாள் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று பிள்ளைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எந்த வகுப்புக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று அந்த வருஷத்துக்கு முடிவாகும். ஏழாம் நாள் ஐம்பது பிள்ளைகள் வந்து வாசலில் நின்றாலும் பயனில்லை. அதேபோல ஏழாம் நாள் பத்துப் பேர் பள்ளியை விட்டு நின்றுபோனாலும் டிவிஷன் போகாது.

ஆகவே மே மாதம் முழுக்க நாங்கள் பிள்ளை பிடிக்க அலைவோம். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு சாலை என்று பெயர் கொண்ட எங்கள் பட்டணத்துக் கடைத்தெருவின் சந்துகளில் ஏறி இறங்குவோம். கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் மாவாட்டுகிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள், யார் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை இருக்கிறதோ அங்கே போய் நிற்போம். எங்கள் பள்ளியில் தமிழ் மீடியம் உண்டு, மதியச் சோறு உண்டு, யூனிஃபார்ம் இலவசம் என்போம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பல்லைக் காட்டமாட்டார்கள்.

ஆறாம் நாளுக்குள் ஒரு தடவையாவது வந்து முகம் காட்டாத பிள்ளை எண்ணிக்கையில் சேராது. அதனால் அன்று காலை டீச்சர்மார் ஆட்டோ பிடித்து, வராத பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுவருவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். அம்மை போட்டிருந்த ஒரு பிள்ளையை வேப்பிலையோடு கொண்டுவந்து உட்கார வைத்த கதையை ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன்.

மூன்று டிவிஷன் இருந்த இடம்

ராஜா காலத்துப் பள்ளி எங்களுடையது. ஓட்டுக் கூரை, யானை நுழைகிற உயரத்தில் கதவுகள், மழை பெய்தால் வகுப்பில் நான் பேசுவது எனக்கே கேட்காது. ஒரு காலத்தில் தமிழ் மீடியத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று டிவிஷன் இருந்ததாம். கரமனை அக்கிரகாரத்துப் பிள்ளைகளும் சாலைக் கடைக்காரர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். என் மாமனார் அங்கே படித்தவர்.

நான் வேலைக்கு வந்தபோதே அக்கிரகாரத்துப் பிள்ளைகள் ஒருத்தர்கூட இல்லை. எல்லோரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய், பிறகு கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். என் மகனும் அப்படித்தான். தமிழ் மீடியம் வாழ வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, மகனை வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பள்ளிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. புதுக் கட்டடம் வந்தது. சுவரில் பெரிய திரை வந்தது. குட்டிப் போலீஸ் அணிவகுப்பு, ஐ.டி. கிளப், ஹெல்த் கிளப், காய்கறித் தோட்டம், கலோத்ஸவம் எல்லாம் உண்டு. மலையாளம் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் நிரம்பி வழிந்தன. தமிழ் டிவிஷன் மட்டும் பழைய கட்டடத்தின் கடைசி அறையில், வருஷத்துக்கு வருஷம் பெஞ்சுகள் குறைந்துகொண்டே போயிற்று.

எட்டாம் வகுப்பு டிவிஷன் போனால் என் வேலையும் அந்தப் பள்ளியிலிருந்து போகும். தமிழ் டீச்சர் வேண்டியிருந்தது இடுக்கி மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகளில். வீட்டில் என் கணவர் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து கிடந்தார். அவரை யார் பார்ப்பது? இது சாக்கு இல்லை. அந்த ஜூனில் என் மனசில் வேறு ஒன்றுமே இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இசக்கி

இசக்கியின் அம்மா பேச்சியம்மாள், சாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவள். சங்கரன்கோவில் பக்கம். புருஷன் கட்டட வேலை. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. பள்ளி விட்டதும் இசக்கி கடைக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து கிள்ளுவாள். அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வரும்.

"ஏன் டீச்சர், என் எழுத்து அவ்வளவு மோசமா?" என்பாள்.

குரல் அவளுக்கு வெண்கல மணி. கலோத்ஸவத்தில் தமிழ்ச் செய்யுள் சொல்லும் போட்டிக்கு அவளைத்தான் கொண்டுபோனேன். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியது ஒரு பெரிய பள்ளியிலிருந்து வந்த மலையாளப் பெண், கையையும் கண்ணையும் அசைத்து அழகாகச் சொன்னாள். இசக்கி நேரே அவளிடம் போய் அர்த்தம் கேட்டுவிட்டு வந்தாள். "தெரியாதாம் டீச்சர். நான் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். கோபம் துளிகூட இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பொட்டலம் மடித்து வந்த பழைய பேப்பர். பேச்சியம்மாளுக்கு அதில் ஒரு பெருமை. "எங்க வம்சத்துல எழுத்து வாசிக்கவ இவ ஒருத்திதான் டீச்சர்" என்று பார்க்கிற போதெல்லாம் சொல்வாள். சின்ன மகள் கோமதியை முதல் வகுப்பிலேயே மலையாளத்தில் சேர்த்துவிட்டாள். ஒருத்தி ஊருக்கு, ஒருத்தி இந்தப் பட்டணத்துக்கு என்று ஒரு கணக்கு.

நான் எழுதிய நோட்டீஸ்

அந்த ஜூனில் மழை முன்னதாகவே தொடங்கி, ஓடை பொங்கி, சாலைக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. பள்ளி திறந்து ஐந்து நாளாகியும் இசக்கி வரவில்லை. வீட்டில் சேறு அள்ளுகிறார்கள் என்று முதலில் தகவல் வந்தது. பிறகு காய்ச்சல் என்றார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, மலையாளி.

"டீச்சரே, தமிழில் ஒராள் குறவுண்டல்லோ. எந்தா செய்யுக?"

ஒரு ஆள் குறைகிறது, என்ன செய்வது என்கிறார். "நாளைக்கு வந்துடும் மேடம்" என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் போனபோது இசக்கி கட்டிலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். பேச்சியம்மாள் தலை சீவி, வெளியே புறப்பட்டு நின்றாள்.

"மூணு நாளா பனி அடிக்கி டீச்சர். மாத்திரைக்கு நிக்கல. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவோம்னு லீவு கேட்டிருக்கேன்." இங்கே காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார்கள்.

"ஓ.பி.யில இன்னைக்குக் கூட்டம் முட்டி மோதும் பேச்சி. ஈரத்துல வரிசையில நிக்க வச்சா பிள்ளைக்கு இன்னும் கூடும். பன்னெண்டு மணி வரைக்கும் ஸ்கூல்ல இருக்கட்டும். அப்புறம் நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். நீ வேலைக்குப் போ."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்களுக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்கியளே டீச்சர். ஏட்டி, எந்திரி. டீச்சரே வந்திருக்காவ பாரு."

இசக்கி எழுந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. மிளகாய்க்கண் என்று நினைத்தேன். நடக்கும்போது காலை இழுத்தாள். "கெண்டைக்கால் நோவுது டீச்சர்" என்றாள். சேறு அள்ளின அலுப்பு என்று நினைத்தேன்.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. எங்கள் ஹெல்த் கிளப்புக்கு ஒவ்வொரு ஜூனிலும் சுகாதாரத் துறையிலிருந்து மலையாளத்தில் நோட்டீஸ் வரும். அதைத் தமிழாக்கி எழுதி எட்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அந்த வருஷமும் பள்ளி திறந்த முதல் நாளே ஸ்கெட்ச் பேனாவால், நல்ல குண்டு எழுத்தில், என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். எலிக்காய்ச்சல். வெள்ளநீரில் நடந்தவர்கள் கவனிக்கவும். கடும் காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி. உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

அந்த நோட்டீஸுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில்தான் அவளை உட்கார வைத்தேன்.

பன்னிரண்டு மணி மூன்று மணியானது

பத்தரைக்கு ஹெச்.எம். வகுப்புக்கு வந்தார். பெயர் கூப்பிட்டேன். "ஆஜர் டீச்சர்" என்று இசக்கி தலையைத் தூக்கிச் சொன்னாள். வெண்கலம் விரிசல் விட்டிருந்தது. ஹெச்.எம். விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"டீச்சர், கொஞ்சம் படுத்துக்கிடட்டா?"

"படுத்துக்கோ. இதோ வந்துடறேன்."

பன்னிரண்டுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எங்கள் டிவிஷனில் இரண்டு பிள்ளைகளின் ஆதார் எண் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் எண்ணிக்கையில் இல்லை. நான் ஆபீஸ் அறையில் ஒவ்வொரு தகப்பனுக்கும் போன் போட்டு எண் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போயிற்று. கஞ்சிப்புரையில் சோறாக்கும் அம்மா வந்து, "அந்தப் பிள்ள சோறு வேண்டாம்னுட்டா டீச்சர், தண்ணிதான் கேக்கா" என்றாள். கொடுங்கள், இதோ வருகிறேன் என்றேன். எத்தனை தடவை இதோ வருகிறேன் என்று சொன்னேன் என்பது நினைவில்லை.

எல்லாம் ஏறி முடிந்தபோது மூன்று மணி. வகுப்புக்கு ஓடினேன். பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்து, "எண்ணி முடிச்சாச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே காலை அமுக்கிப் பார்த்தார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பேச்சியம்மாளை வரவழைத்து, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படுக்கையிலிருந்து என் கணவர் கேட்டார். "இன்னிக்கு ஆறாம் நாள் ஆச்சே? என்ன ஆச்சு?"

"சரியா வந்துடுத்து."

"அப்போ நாம இங்கேயே இருக்கலாமோன்னோ?"

"இருக்கலாம்" என்றேன். அவருக்குக் காப்பி கலந்துகொண்டு வந்து கொடுத்தேன். அன்று சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் காலையில் இசக்கி போய்விட்டாள்.

எண்ணிக்கை நாளன்று காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சின்னப் பையன், என் மகன் வயசு. சொல்ல முடியாது டீச்சர், வந்தபோதே சிறுநீரகம் பழுதாகியிருந்தது, ஆறேழு மணி நேரத்தில் என்ன மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பதில் என்னை விடுவிக்கவும் இல்லை, பிடித்துக் கட்டவும் இல்லை.

வராண்டாவில் பேச்சியம்மாள் என் காலில் விழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து நின்றேன். "நீங்க மட்டும் வந்து ஆட்டோ புடிச்சுக் கொண்டு வரலேன்னா என் பிள்ள அந்த ஓ.பி. வரிசையிலயே நின்னு செத்திருப்பா டீச்சர்" என்று அழுதாள்.

அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். குனிந்து அவளைத் தூக்கிவிட்டேன்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் நிலைத்தது. ஆறாம் நாள் எண்ணிக்கைதான் வருஷம் முழுக்க. ஜூலையில் உத்தரவு வந்தது. அதில் அவளும் ஒரு தலை.

கோமதி

மூன்று வருஷம் கழித்து, ஒரு மே மாதம் பேச்சியம்மாள் கோமதியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். அதே நெற்றி, அதே மிளகாய் நெடி.

"இவளையும் உங்ககிட்டயே விடுதேன் டீச்சர். தமிழ்ல சேத்துக்கிடுங்க. அக்காவுக்காவ அவ்வளவு செஞ்ச டீச்சர், இவளையும் பாத்துக்கிட மாட்டியளா?"

அந்த வருஷமும் எனக்கு ஒரு தலை குறைந்தது. நம்பமாட்டீர்கள், ஆனால் எல்லா வருஷமுமே ஒன்றோ இரண்டோதான் குறையும்.

கோமதியிடம் தமிழ்ப் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னேன். தலை குனிந்து நின்றாள். "எனிக்கு அறிஞ்சூடா டீச்சர்" என்றாள். தெரியாதாம். ஒரு எழுத்துகூடத் தெரியாது. தமிழில் சேர்த்தால் பத்தாம் வகுப்பில் நிச்சயம் தோற்பாள். இருந்தாலும் ஆறாம் நாள் வரைக்கும் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மாற்றலாமே என்று மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஆமாம், அப்போதும் போட்டுப் பார்த்தது.

"இவ மலையாளத்துலயே படிக்கட்டும் பேச்சி" என்றேன்.

அவளுக்கு முகம் வாடிவிட்டது. டிவிஷன் போயிற்று. என்னை மலைமேல் அனுப்பினார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிர் அவருக்கு ஆகவில்லை, அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இதைப் பிராயச்சித்தம் என்று யாரும் கடிதம் எழுதிவிடாதீர்கள். கோமதியின் முகத்தை அந்தப் பெஞ்சில், அந்தச் சுவருக்குக் கீழே பார்க்க எனக்குத் திராணி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சாலையில் ஒரு டீ

ஓய்வு பெற்று இறங்கி வந்த பிறகு, சாமான் வாங்கச் சாலைக்குப் போகும்போது அந்தக் கடை இருக்கும் சந்தைத் தவிர்த்துவிட்டுத்தான் நடப்பேன். போன மாதம் பேச்சியம்மாள் எதிரேயே பிடித்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மூட்டையின் மேல் துண்டு விரித்து உட்கார வைத்து, டீ சொன்னாள். மிளகாய்க்கு முன் உட்கார்ந்திருந்த மற்ற பெண்களிடம், "நான் சொல்லுவேம்லா, இவுகதான் அந்த டீச்சர்" என்றாள். எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

கோமதி இப்போது பிளஸ் டூ. நன்றாகப் படிக்கிறாளாம். எல்லாம் மலையாளம்தான். தமிழ் பேச மட்டும் செய்வாள்.

"பொஸ்தகத்துல கதை எழுதுதியளாமே டீச்சர்? கடையில சொன்னாவ. பள்ளிக்கூடத்துக் கதையாம்லா."

"ஆமா பேச்சி, என்னமோ கிறுக்கறேன்."

"எங்க இசக்கியப் பத்தி ஒரு வரி எழுதுங்க டீச்சர். அவ பேரு ஒரு எடத்துல அச்சுல வரட்டும். வந்தா ஒரு பொஸ்தகம் எனக்குத் தாங்க."

"யார் வாசிச்சுச் சொல்லுவா உனக்கு?"

"வாசிக்க ஆரு இருக்கா? அவ போட்டோவுக்கு முன்னால வச்சிக்கிடுதேன்."

ஒரு வரி கேட்டாள். ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். கடையில் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டக்கூடும். காட்டினால் நல்லது என்று ஒரு மனசு. ஐயோ, வேண்டாம் என்று ஒரு மனசு. இத்தனை வருஷம் வாயால் சொல்லத் துணியாதவள் இதை அச்சில் ஏற்றுகிறேன் என்றால், பேச்சியம்மாளுக்கு எழுத்து தெரியாது என்ற தைரியத்தில்தான்.

ஆனால் இதழைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வீட்டுக்குக் கொண்டுபோய், சொன்னபடியே அந்தப் படத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தை விரித்து வைப்பாள்.

அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் இசக்கி ஒருத்திதான்.